‘பீக்கிங் ரவியோலி’: ஜாய்ஸ் சென் சீனச் சாப்பாட்டைக் கெடுத்தாரா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 8

பாஸ்டன் பக்கம் சீன ஓட்டல்களுக்குப் போனால் மெனுவில் ‘பீக்கிங் ரவியோலி’ என்று போட்டிருக்கிறார்கள். ரவியோலி, மாவுக்குள் பூரணம் வைத்து மூடுகிற பண்டம், இத்தாலிக்காரர்களுடையது. விசாரித்தால் ஜாய்ஸ் சென் என்ற அம்மா வைத்த பெயராம். தட்டை அடி வைத்த வோக் சட்டியும் அவர் வேலைதானாம். சொந்த ஊர்ச் சாப்பாட்டை வெள்ளைக்காரர்களுக்காக வளைத்துக் கொடுத்தவரை எதற்காக இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பிப்ரவரி 8, இரவு

கெடுத்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. அவர் ஓட்டல் நடத்திய, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜுக்கு அடுத்த ஊரில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். அவர் பெயர் போட்ட சட்டியில்தான் தினமும் பொரியல் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1917-இல் பெய்ஜிங்கில், அதாவது பழைய பீக்கிங்கில் பிறந்தவர். இயற்பெயர் லியாவ் ஜியா-ஐ. அப்பா ரயில்வேயிலும் நகர நிர்வாகத்திலும் பெரிய பதவிகளில் இருந்தவர். வீட்டில் சமையல்காரர் உண்டு. அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் ஜாய்ஸ் கற்றுக்கொண்டார். “நாளைக்கே சமையல்காரர் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேகாத அரிசியைத்தான் தின்ன வேண்டும்” என்கிற மாதிரி அம்மா சொல்வாராம்.

1949-இல், ஷாங்காய் கம்யூனிஸ்ட் படையின் கைக்குப் போவதற்குச் சில வாரம் முன்னால், கணவர் தாமஸுடனும் இரண்டு குழந்தைகளுடனும் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் வந்து இறங்கியபோது அம்மா சொன்னது பலித்துவிட்டது. சமையல்காரர் இல்லை, சமைக்கத் தெரிந்த மகள் இருந்தார்.

பிப்ரவரி 9

ஓட்டல் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படிக்க வந்த சீனப் பிள்ளைகள் 1949-க்கு அப்புறம் ஊர் திரும்ப முடியாமல் நின்றார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்கள் சென் வீட்டு மேசைக்கு வந்தார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 1957-இல் நடந்தது. குழந்தைகள் படித்த பக்கிங்ஹாம் பள்ளியில் ஒரு விற்பனை விழா. பெற்றோர்கள் தின்பண்டம் செய்து கொடுக்க வேண்டும். ஜாய்ஸ் பரங்கிக்காய் குக்கி செய்தார், கூடவே எக் ரோலும் செய்தார். எக் ரோல் வைத்த வேகத்தில் தீர்ந்துபோய், இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்களாம்.

பரங்கிக்காய் குக்கியை மறக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பண்டம் அது. தன் பண்டத்தை மட்டும் கொண்டுபோக அவருக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். வெளியூரில் பள்ளி விழாவுக்குச் சமைத்துக்கொண்டு போன எவருக்கும் அந்தப் பயம் தெரியும்.

அடுத்த வருடம், 1958-இல், கான்கார்ட் அவென்யூவில் ‘ஜாய்ஸ் சென்’ என்று தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். பீக்கிங் வாத்து, மூ ஷூ பன்றிக்கறி, காரமும் புளிப்புமான சூப், குவோ டியே (கேள்வியில் வந்த ‘பீக்கிங் ரவியோலி’ இதுதான்). எல்லாம் வடசீனச் சாப்பாடு. அதுவரை பாஸ்டனில் சீனச் சாப்பாடு என்றால் சாப் சூயி (கறியும் காயும் கலந்து கிளறியது), சௌ மெய்ன் (வதக்கிய நூடுல்ஸ்). கூடவே ஒரு கூடையில் ரொட்டியும் வெண்ணெயும் வரும். சீனச் சாப்பாட்டுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி! அதைச் சீனச் சாப்பாடு என்று எப்படி விற்க மனசு வந்தது என்றுதான் எனக்குத் தோன்றும். அந்த இடத்தில் வந்து நின்று எங்கள் வீட்டில் சாப்பிடுவது இதுதான் என்று காட்டியவரைப் போய் ‘வளைத்தவர்’ என்பது நியாயமா?

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது. கூட்டம் குறைவான செவ்வாய், புதன் இரவுகளில் பஃபே வைத்தார். பேர் தெரியாத ஐட்டத்தைக் காசு கொடுத்து ஆர்டர் செய்ய யாருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். மேசையில் கண்ணெதிரே இருந்தால் ஒரு கரண்டி எடுத்துப் பார்ப்பார்கள். மெனுவில் எண்ணும் போட்டார். சீனம் மட்டும் தெரிந்த சமையல்கட்டுக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த மேசைக்கும் நடுவில் ஓர் எண் போதும். இன்றைக்குச் சீன ஓட்டலில் “பதினாலு ஒண்ணு, இருபத்திரண்டு ஒண்ணு” என்று சொல்லும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

சட்டி விஷயம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

நான் இங்கே வந்தபோது ஊரிலிருந்து ஒரு இருப்புச்சட்டி கொண்டுவந்தேன். அம்மா இருபது வருடம் எண்ணெய் காட்டிப் பழக்கியது. உருண்டை அடி. பெட்டியில் பாதி எடை அதுதான். அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் காயில் அடுப்பு, மின்சாரத்தில் சுருள் சிவக்கும், தீ கிடையாது. சட்டியை வைத்தால் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் சூடு படும். சுற்றிலும் பச்சைத்தண்ணீர் மாதிரி கிடக்கும். கரண்டியை விட்டால் சட்டியே கூடச் சுற்றும். கடுகு போட்டேன், ஒரு ஓரத்துக் கடுகு கருகியது, மறு ஓரத்தில் வெடிக்கவே இல்லை. கத்தரிக்காய் வதக்கப் போய் எண்ணெய் சரிந்து சுருளில் கொட்டிப் புகை கிளம்பியது. எச்சரிக்கை மணி கட்டிடம் முழுக்க அலறியது. அன்றைக்குச் சட்டியைக் கழுவித் துடைத்து, செய்தித்தாள் சுற்றி அலமாரியில் வைத்தேன். வைக்கும்போது அழுதேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்து டாலருக்கு ஒரு சட்டி. பக்கங்கள் நம் சட்டி மாதிரியே வளைந்து ஏறுகின்றன, அடி மட்டும் தோசைக்கல் மாதிரி தட்டை, ஒரு பக்கம் நீளக் கைப்பிடி. அடியில் ‘ஜாய்ஸ் சென்’ என்று போட்டிருந்தது. கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். ஆளின் பெயர் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

அந்தச் சட்டியில் அன்று மாலையே கடுகு முழுக்க வெடித்தது. தட்டை அடி வோக்கைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

பிப்ரவரி 13

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். உருண்டை அடியில்தான் தீ சுற்றி ஏறும், கான்டன்காரர்கள் ‘வோக் ஹே’ என்று சொல்லும் அந்தக் கருகல் வாசனை தட்டை அடியில் வராது, ஆகவே ஜாய்ஸ் சென் வோக்கின் உயிரை எடுத்துவிட்டார் என்கிறார்.

சரி, ஓட்டல் அடுப்பில் இது உண்மை. சீன அடுப்பில் துவாரம் இருக்கும், சட்டி அதற்குள் உட்காரும், தீ சட்டியின் வயிறு வரைக்கும் ஏறும். ஆனால் அமெரிக்க வீட்டு அடுப்பில் அந்தத் துவாரம் எங்கே இருக்கிறது? உருண்டைச் சட்டியை நிறுத்த ஒரு உலோக வளையம் விற்பார்கள். வைத்துப் பார்த்திருக்கிறேன். சட்டி ஆடாது, ஆனால் அடுப்பை விட்டு உயர்ந்து நிற்பதால் சூடு எட்டாது. முட்டைக்கோஸ் வதங்காமல் தண்ணீர் விட்டு வேகும். அந்த அடுப்பில் உயிர் ஏற்கெனவே போய்விட்டது. அவர் மிச்சமிருந்ததைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

நேற்று ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தட்டை அடியும் கைப்பிடியும் சேர்ந்த சட்டிக்கு 1970-களின் தொடக்கத்தில் வடிவமைப்புக் காப்புரிமை வாங்கினார். இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு முன் உலகத்தில் எவரும் தட்டை அடிச் சட்டி அடித்ததே இல்லை என்று நான் சொல்லக்கூடாது.

பிப்ரவரி 16

பெயர் விஷயத்துக்கு வருவதற்கு முன் பண்டத்தைப் பார்த்துவிடலாம். சாப்பிட்டிருக்கிறோமே தவிர செய்து பார்த்தவர்கள் குறைவு. நான் போன ஞாயிறு செய்தேன்.

மைதாவில் சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, பூரிக்கு இடுகிற மாதிரி இட வேண்டும். ஆனால் ஓரம் மெல்லிசாகவும் நடு கொஞ்சம் கனமாகவும் இருக்க வேண்டும், அங்கேதான் பூரணம் உட்காரும். பூரணம் வழக்கமாக அரைத்த பன்றிக்கறியும் நாப்பா முட்டைக்கோஸும். எங்கள் வீட்டில் கறி இல்லை என்பதால் நான் டோஃபுவும் கோஸும் இஞ்சியும் வைத்தேன். கோஸைப் பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிய வேண்டும். இல்லையென்றால் மாவு நனைந்து கிழியும். மடித்து ஓரத்தை ஒரு பக்கமாகக் கொசுவி ஒட்ட வேண்டும். சோமாசி செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கொசுவம் உடனே கைக்கு வந்துவிடும்.

அப்புறம்தான் அழகு. சட்டியில் எண்ணெய் விட்டு வரிசையாக அடுக்கி, அடி லேசாகச் சிவந்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி உடனே மூட வேண்டும். சடசடவென்று சத்தம் வரும். தண்ணீர் இருக்கும் வரை கொதிக்கிற சத்தம், தண்ணீர் சுண்டியதும் பொரிகிற சத்தமாக மாறும். அந்த மாற்றத்தைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். மேலே இட்லி மாதிரி மெத்தென்று வெந்திருக்கும், அடியில் முறுகல் தோசை. குவோ என்றால் சட்டி, டியே என்றால் ஒட்டுவது. சட்டியில் ஒட்டியது, அதுதான் பெயர்.

எனக்கு முதல் ஈடு பெயருக்கு ஏற்ற மாதிரியே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஈடு நன்றாக வந்தது.

பிப்ரவரி 17

இப்போது ‘ரவியோலி’.

பாஸ்டனில் இத்தாலிக்காரர்கள் நிறைய. நார்த் எண்ட் என்று ஒரு பேட்டையே உண்டு. ரவியோலி என்றால் மாவுக்குள் பூரணம் வைத்து மூடியது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். குவோ டியே என்று எழுதினால் வாயில் நுழையாது. ஜாய்ஸ் சென் ‘பீக்கிங் ரவியோலி’ என்று எழுதினார், மக்கள் ஆர்டர் செய்தார்கள். பண்டத்துக்குள் எதையும் மாற்றவில்லை. தக்காளிச் சாறு ஊற்றவில்லை, சீஸ் வைக்கவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் அந்த ஊர் எழுத்தில் எழுதினார். இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

பிப்ரவரி 17, இரவு

மனக்குறை இல்லை என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தோசையை பிரெஞ்சுக்காரர்களின் ‘கிரேப்’ என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறதே, அது ஏன்?

நாலு வருடம் முன்னால் மகளின் பள்ளியில் பல நாட்டுச் சாப்பாட்டு விழா. உளுந்து வடை எழுபது சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு அட்டை வைக்க வேண்டும். ‘வடை’ என்று எழுதினேன். விழாவை நடத்தியவர்களில் ஒருவர் வந்து, “யாருக்கும் புரியாது, ‘காரசார டோனட்’ என்று எழுதுங்களேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் அட்டையைத் திருப்பி அப்படியே எழுதினேன், அதிலும் அவசரத்தில் ‘டோனட்’டைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் ஓடிவந்து எடுத்தான். நடுவில் ஓட்டை இருக்கிறது, பொன்னிறமாக இருக்கிறது, டோனட் என்று போட்டிருக்கிறது. பெரிய கடியாகக் கடித்தான். மிளகு பல்லில் பட்டதும் அந்த முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. காகிதத் துடைப்பானில் துப்பிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான். நான் அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி. ஏமாற்றித்தானே இருக்கிறேன்.

அன்றைக்கு நாற்பதுக்கு மேல் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து தயிரில் போட்டேன்.

பிப்ரவரி 18, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. டோனட் என்ற பெயர் வடையின் உருவத்தைச் சொன்னது, ருசியைப் பற்றிப் பொய் சொன்னது. ரவியோலி என்ற பெயர் குவோ டியேயின் செய்முறையைச் சொல்கிறது: மாவு, உள்ளே கறி, மூடி வேகவைத்தது. ரவியோலியை எதிர்பார்த்துக் கடிப்பவருக்கு ஏமாற்றம் இல்லை, கொஞ்சம் வியப்பு உண்டு. அதோடு முன்னால் ‘பீக்கிங்’ என்று ஊர்ப்பெயரும் நிற்கிறது. வேற்றூர்ப் பண்டம் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆகவே கேள்வி கேட்டவரிடம் என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இரவல் பெயர் வைப்பதே தப்பு என்று நீங்கள் சொல்வது சரியில்லை. பெயர்தானே, எது வைத்தால் என்ன என்று நான் நேற்று எழுதியதும் சரியில்லை.

பிப்ரவரி 20

இரண்டு திருத்தங்கள் வந்திருக்கின்றன, இரண்டும் பயனுள்ளவை.

ஒன்று, ஜாய்ஸ் சென்னுக்கு முன்பே கேம்பிரிட்ஜில் ஒரு சீனப் பெண்மணி சமையல் புத்தகம் எழுதியிருக்கிறார், அவரைச் சொல்லாமல் விடக்கூடாது என்று ஒருவர். உண்மை. புவெய் யாங் சாவ். தொழிலால் மருத்துவர், கணவர் யுவென் ரென் சாவ் பெரிய மொழியியலாளர். 1945-இல் வந்தது அந்தப் புத்தகம். வோக்கில் வேகமாகக் கிளறி வதக்குவதை இன்று உலகமே ‘ஸ்டிர்-ஃப்ரை’ என்கிறதே, அந்தச் சொல் அதில் பிறந்தது. குவோ டியேக்கு ‘பாட்-ஸ்டிக்கர்’ என்ற நேர்ப் பெயரும் அங்கிருந்துதான். ஆக, ஒரே ஊரில் ஒரே பண்டத்துக்கு ஒருவர் நேராக மொழிபெயர்த்தார், இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லை வாங்கிக்கொண்டார். நாடு முழுக்க ‘பாட்-ஸ்டிக்கர்’ ஜெயித்தது. பாஸ்டன் சுற்றுவட்டாரம் மட்டும் இன்னும் ‘ரவியோலி’யை விடவில்லை.

இரண்டு, வடசீனச் சாப்பாட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் சான் பிரான்சிஸ்கோ சிசிலியா சியாங்தான் என்று இன்னொருவர். அவர் பெரிய மனுஷி, நூறு வயசு இருந்து 2020-இல் போனார். ஆனால் அவருடைய ‘மாண்டரின்’ ஓட்டல் திறந்தது 1961-இல். மூன்று வருடம் முன்னால் கிழக்குக் கரையில் ஜாய்ஸ் திறந்துவிட்டார். யார் முந்தி என்று சண்டை போட ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது.

பிப்ரவரி 23

நூலகத்தில் சொல்லிவைத்து 1962-இல் வந்த அவருடைய சமையல் புத்தகத்தை எடுத்துவந்தேன். சோயா சாஸ் கறை படிந்த பக்கங்கள், யாரோ பென்சிலில் ‘இரட்டிப்பு அளவு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் புத்தகம் வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வண்ணப் படங்கள் வேண்டும் என்று ஜாய்ஸ் கேட்டார், பதிப்பகங்கள் முடியாது என்றன. பண்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஆளுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி என்ன பிரயோசனம்? சொந்தச் செலவில் அச்சடிக்க இறங்கினார். ஓட்டலிலேயே ஆர்டர் எடுத்து, அச்சிலிருந்து வருவதற்குள் 6,000 பிரதிக்கு மேல் விற்றுவிட்டார். அப்புறம் லிப்பின்காட் என்ற பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது.

முன்னுரை எழுதியவர் பால் டட்லி வைட், ஐசனோவர் ஜனாதிபதிக்கு மாரடைப்பு வந்தபோது பார்த்த இதய மருத்துவர். சமையல் புத்தகத்துக்கு இதய மருத்துவரிடம் முன்னுரை வாங்க வேண்டும் என்று 1962-இல் யாருக்குத் தோன்றும்? உடம்புக்கு நல்ல சாப்பாடு என்பதில் ஜாய்ஸ் அவ்வளவு உறுதியாக இருந்தார். சீன ஓட்டல்களில் பன்றி விலாக்கறிக்குச் சிவப்புச் சாயம் போடுவது வழக்கம், அது வேண்டாம் என்று சொல்லி வந்தார். வளைத்துக் கொடுப்பவர் சாயத்தைக் கூட்டியல்லவா இருக்க வேண்டும்? எல்லாருக்கும் பிடித்த நிறம் அதுதானே.

பிப்ரவரி 25

தொலைக்காட்சி பற்றிக் கேட்டவருக்கு. பாஸ்டன் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையத்தில் 1966-67-இல் ஜாய்ஸின் சமையல் நிகழ்ச்சி, 26 பகுதிகள். ஜூலியா சைல்ட் பிரெஞ்சுச் சமையல் காட்டிய அதே செட், சீன வீடு மாதிரி கொஞ்சம் மாற்றி அலங்கரித்துக்கொண்டார்கள். கறுப்பு வெள்ளை. நாடு முழுக்க ஒளிபரப்பான சமையல் நிகழ்ச்சியில் வெள்ளையர் அல்லாத ஒரு பெண் நடுநாயகமாக நின்றது அன்றைக்குப் பெரிய சங்கதி.

பீக்கிங் வாத்துப் பகுதியைப் பார்த்தேன். ஆங்கிலத்தைச் சீன இழுப்போடு, அவசரப்படாமல் பேசுகிறார். உச்சரிப்புக்காகக் கூச்சப்படுகிற சாயல் துளிகூட இல்லை. எனக்கு இங்கே வந்த முதல் இரண்டு வருடம் தொலைபேசியில் பேசவே பயம். அப்போது இதைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 28

ஒருவர் எழுதியதை இரண்டு நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். “வீட்டில் சமையல்காரர் வைத்திருந்த குடும்பத்துப் பெண் வந்து ‘இதுதான் அசல்’ என்றதும் கொண்டாடுகிறீர்கள். அதற்கு முன் எண்பது வருடம் சாப் சூயி கிளறியவர்களை ஏன் இளக்காரமாகப் பேசுகிறீர்கள்?”

பிப்ரவரி 9 குறிப்பைத் திரும்பிப் பார்த்தேன். ரொட்டியும் வெண்ணெயும் வைத்தவர்களைப் பற்றி நான் எழுதியது தப்பு. மனப்பூர்வமாக வாபஸ் வாங்குகிறேன்.

அவர்கள் யார்? பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்து டாய்ஷான் வட்டாரத்திலிருந்து ரயில் பாதை போடவும் தங்கச் சுரங்கத்துக்கும் வந்தவர்களின் வம்சம். 1882-இல் சீனத் தொழிலாளர்கள் இனி வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1943 வரை அது இருந்தது. நீக்கிய பிறகும் வருடத்துக்கு 105 பேர் என்றுதான் கணக்கு. உள்ளே இருந்தவர்களுக்கும் முக்கால்வாசித் தொழில்கள் அடைபட்டுப்போய், சலவைக்கடையும் ஓட்டலும்தான் மிஞ்சின. மனைவி மக்கள் அந்தக் கரையில், இவர்கள் இந்தக் கரையில். சமையல்காரராகப் பிறந்தவர்கள் இல்லை, பிழைக்கக் கரண்டி பிடித்தவர்கள். வாடிக்கையாளர் ரொட்டி கேட்டால் ரொட்டி வைத்தார்கள். கேட்டதைக் கொடுக்காமல் பாடம் எடுக்க அவர்களுக்கு வசதி ஏது? இதே மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் என்கிற ஆலை ஊரில் சௌ மெய்னை பன்னுக்குள் வைத்து விற்றார்கள், மில் தொழிலாளிகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் கிடைக்கிறது. அதுவும் ஒரு சாப்பாடுதான்.

ஜாய்ஸ் சென் ஹார்வர்டுக்குப் பக்கத்தில் கடை போட்டார். பொருளாதார மேதை கால்பிரெய்த், பின்னாளில் வெளியுறவு அமைச்சரான கிஸ்ஸிங்கர், ஜூலியா சைல்ட் எல்லாம் அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். அது உணவகம் மட்டும் இல்லை, பண்பாட்டுப் பரிமாற்ற மையம் என்கிற மாதிரி ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் நேதன் பூசி என்பவர் புகழ்ந்திருக்கிறார். புதுசாக ஒன்றைக் கொடுத்தால் ஏன், எதற்கு என்று கேட்டுச் சாப்பிடுகிற கூட்டம். ஃபால் ரிவர் ஓட்டல்காரருக்கு அந்தக் கூட்டம் வாய்க்கவில்லை. இதைச் சொல்வதால் ஜாய்ஸ் செய்தது குறைந்துவிடாது. ஆனால் ஒருவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரை மிதித்துவிட்டேன், அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 3

கடைசிக் காலம் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள்.

1966-இல் தாமஸுடன் விவாகரத்து. அதற்குப் பிறகுதான் தொழில் பெருத்தது. 1967-இல் மாசசூசெட்ஸ் அவென்யூவில் சின்னதாக இன்னொரு கடை. 1969-இல் சார்ல்ஸ் நதிக்கரையில் மெமோரியல் டிரைவில் பெரியது, அந்த இடத்தில் இன்று எம்.ஐ.டி. மாணவர் விடுதி நிற்கிறது. 1970-களின் நடுவில் அங்கிருந்து ரிண்ட்ஜ் அவென்யூவுக்கு மாறினார்கள். ஜனாதிபதி நிக்சன் 1972 பிப்ரவரியில் பீக்கிங் போய் விருந்து சாப்பிட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே வருடம் ஜாய்ஸும் மகள் ஹெலன், இளைய மகன் ஸ்டீபனோடு சீனாவுக்குப் போய்வந்தார். கப்பல் ஏறி இருபத்துமூன்று வருடம் கழித்து! அந்தப் பயணம் ஆவணப்படமாக வந்தது. கூடவே பாத்திர வியாபாரம், 1980-களில் புட்டியில் அடைத்த சாஸ்.

பிறகு மறதி நோய் வந்தது. 1994 ஆகஸ்டில், 76 வயசில் போய்விட்டார். கடைசி ஓட்டலும் 1998-இல் மூடப்பட்டது. நான் இந்த ஊருக்கு வரும்போது ஒன்றும் இல்லை. 2014-இல் அமெரிக்க அஞ்சல் துறை ஐந்து சமையல் கலைஞர்களுக்குத் தபால்தலை போட்டபோது ஜேம்ஸ் பியர்ட், ஜூலியா சைல்ட் பக்கத்தில் இவர் முகமும் இருந்தது.

கான்கார்ட் அவென்யூ வழியாக வாரம் ஒருமுறையாவது பஸ்ஸில் போகிறேன். முதல் கடை இருந்த இடம் எது என்று கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டே போவேன்.

மார்ச் 9

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். சட்டி விஷயத்தில் சமாதானமாம், பெயர் இன்னும் தொண்டையில் நிற்கிறதாம். ‘பீக்கிங் ரவியோலி’ ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதினேன் என்கிறார். போதும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பள்ளி விழா. வடைதான். அட்டையை நேற்றே எழுதிவிட்டேன்: பெரிதாக ‘வடை’, கீழே சின்னதாக ‘உளுந்து, மிளகு, கறிவேப்பிலை. பொரித்தது. இனிக்காது.’ மகள் பார்த்துவிட்டு, காரமாக இருக்கும் என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

குவோ டியேக்குக் கோதுமை மாவு ஆகுமா என்று கேட்டவருக்கு: பாதி கோதுமை, பாதி மைதா போட்டுப் பாருங்கள். முழுக்கக் கோதுமை என்றால் மடிப்பில் விரிகிறது. தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், கரண்டியால் கிளறிவிட்டு அப்புறம் கையை விடுங்கள். ஆனால் வேகவைத்து மட்டும் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் பச்சைத்தண்ணீரில் பிசையுங்கள். சுடுதண்ணீர் மாவு கொதிநீரில் கரைந்து கொழகொழத்துவிடும்.